நடுவில் நிற்பவள்: துபாஷியிலிருந்து ப்ராஜெக்ட் மேனேஜர் வரை

2010-இல் தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கௌரவ விரிவுரையாளராகப் போனால் கிடைக்கிற சம்பளம் விடுதிக்கும் பஸ்ஸுக்குமே பற்றாது என்ற நிலைமை. நிறுவனத்தில் என் பதவிக்கு ப்ராஜெக்ட் மேனேஜர் என்று பெயர். பேரையூரில் அம்மாவிடம், "மகளுக்கு என்ன வேலை?" என்று கேட்டவர்களுக்கு அவரால் விளக்க முடியவில்லை. "இங்கிலீசத் தமிழாக்குற ஆபீசு" என்றார். "அப்ப உம் மக எழுதுறாளா?" என்று கேட்டார்கள். "இல்ல, எழுதுறவங்கள மேய்க்கிறா" என்றார் அம்மா.

நிறுவனத்தின் எந்த ஆவணத்திலும் இவ்வளவு சரியான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. நமக்கு மாலை ஐந்தரை என்றால் குளிர்காலத்து லண்டனில் மதியம் பன்னிரண்டு. அப்போதுதான் வேலை வரத் தொடங்கும். கோப்பைத் திறந்து சொற்களை எண்ண வேண்டும். விலை சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க வேண்டும், அவர் முடித்ததும் திருத்துபவரைப் பிடிக்க வேண்டும், பிறகு பக்கம் வடிவமைப்பவரிடம் தள்ள வேண்டும். நடுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவருக்கு மாமியார் வருவார், ஒருவர் போனை அணைத்துவிடுவார். லண்டன்காரரின் 'இன்றைக்குள்' நமக்கு இரவு பத்தரை. நியூயார்க்காரரின் 'இன்றைக்குள்' நமக்கு விடியற்காலை மூன்றரை. ஒரே நேரத்தில் இருபது முப்பது வேலைகள் இப்படி என் மேசையில் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று ஆண்டுகளில் முழுசாக ஒரு பக்கம்கூட நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் என் கை வழியாகத் தமிழுக்கு வந்தன. அவற்றில் ஒன்றிலும் என் பெயர் இல்லை. மொழிபெயர்த்த பெண்களின் பெயரும் இல்லை.

அந்த வேலையை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மொழிகளுக்கு நடுவில், வேலை கொடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் நடுவில் நிற்கும் அந்த இடத்துக்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு இருக்கிறது என்பது, வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் ஆண் நின்றபோது அதற்கு என்ன பெயர் இருந்தது, பெண் வந்து நின்றபோது அந்தப் பெயர் என்ன ஆனது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

தமிழ் படித்தவர்களுக்கு 'மொழிபெயர் தேயம்' என்ற தொடர் தெரிந்திருக்கும். அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் வருவது. மொழி மாறுகிற நாடு என்று பொருள். தலைவன் பொருள் தேடி அந்த நாட்டுக்குப் போகிறான். தலைவி வீட்டில் இருக்கிறாள். மாமூலனார் பாடல்களில் அவன் கடக்கும் வழியின் வெம்மையும் மலைகளும் ஊர்களும் விரிவாக வரும். அவளுக்கு வாய்த்தது காத்திருப்பும் மெலிந்த தோளும்தான். மொழி மாறும் எல்லையைக் கடக்கிறவன் ஆண் என்பது நம் இலக்கியத்தில் அவ்வளவு பழைய ஏற்பாடு.

தொல்காப்பியம் மொழிபெயர்ப்பை வழிநூலின் வகைகளில் ஒன்றாகச் சேர்க்கிறது. சுருக்குவது, விரிப்பது, இரண்டும் கலந்து செய்வது, மொழிபெயர்ப்பது என நான்கு வகை. வழிநூல் என்றால் முதல்நூலுக்குப் பின்னால் வருவது. பின்னால் வருவது என்றதுமே அதைக் கொஞ்சம் கீழே வைத்துப் பார்க்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் மொழிபெயர்ப்புகளை 'அழகான துரோகிகள்' என்று சொல்லும் வழக்கம் பிறந்தது. பெண்ணைப் போலவே மொழிபெயர்ப்பும் அழகாக இருந்தால் விசுவாசமாக இருக்காது என்பது அந்த நகைச்சுவை. இந்த உவமைக்குள் ஒளிந்திருக்கும் உடைமை மனப்பான்மையை லோரி சேம்பர்லெயின் 1988-இல் எழுதிய கட்டுரையில் பிரித்துக் காட்டினார். மூலம் தந்தை, மொழிபெயர்ப்பு அவருடைய சந்தேகத்துக்கு உரிய மனைவி. வேலை செய்தவர் யாராக இருந்தாலும் அந்த வேலையே பெண்பாலாக எண்ணப்பட்டது.

ஆனால் அந்த வேலையோடு அதிகாரமும் பணமும் சேரும்போது கதை மாறிவிடும். அதற்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும்.

*

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் துபாஷி இல்லாமல் இங்கே ஒரு மூட்டைத் துணிகூட வாங்கியிருக்க முடியாது. இரண்டு மொழி அறிந்தவர் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஆனால் துபாஷியின் வேலை பேச்சை மாற்றிச் சொல்வதோடு முடிவதில்லை. நெசவாளருக்கு முன்பணம் போய்ச் சேர வேண்டும், சரக்கு நாளுக்குள் வர வேண்டும், வராவிட்டால் கவர்னருக்குப் பதில் சொல்ல வேண்டும். இரு பக்கமும் திட்டு வாங்குவதும் இரு பக்கமும் அவர் இல்லாமல் நகர முடியாமல் இருப்பதும் அந்தப் பதவியின் இயல்பு. சுருங்கச் சொன்னால் என் வேலைதான்.

அவர்களில் புகழ்பெற்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி. கனகராய முதலி 1746-இல் இறந்த பின் அந்தத் தலைமை இடத்துக்கு வந்தவர். சொந்தமாக வணிகமும் கப்பலும் வைத்திருந்தார். அவர் கட்டிய வீடு இன்றும் புதுச்சேரியில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904-லிருந்து 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. நடுவில் நின்ற ஒருவர் தன் பெயரையும் தன் நாட்களையும் தானே எழுதிவைத்ததால் அவர் வரலாறானார்.

அதே புதுச்சேரியில், அதே கவர்னர் வீட்டில், இரு மொழிக்கு நடுவில் இன்னொருவரும் நின்றார். டூப்ளேயின் மனைவி ழான். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் தெரிந்தவர். டூப்ளேயை அவர் மணந்தது 1741-இல். அவருக்கு அது இரண்டாவது திருமணம். கணவரின் அரசியல் தொடர்புகளில் அவர் நேரடியாக இறங்கி வேலை செய்தார். உள்ளூர்க்காரர்களிடம் பேசுவது, கடிதப் போக்குவரத்து, உளவு என்று பலவும் அவர் வழியாக நடந்தன. சுற்றுவட்டார அரசவைகள் அவரை 'ஜான் பேகம்' என்று அறிந்திருந்தன. ஆனால் அவரைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து வருகிறது. அதில் அவர் மூக்கை நுழைப்பவர், பணத்தாசை பிடித்தவர், கவர்னரைக் கைக்குள் போட்டுக்கொண்டவர்.

ழானை வீராங்கனையாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் ஆதிக்கம் செய்ய வந்தவர்களின் பக்கம் நின்றவர். 1748-இல் வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு என்பது நாட்குறிப்பின் குற்றச்சாட்டு. அதைத் தள்ளிவிட முடியாது. நான் கவனிப்பது வேறொன்றை. ஒரே வேலையை இருவர் செய்தார்கள். இருவரும் நடுவில் நின்று பயன் அடைந்தார்கள். ஆணுக்கு அது பதவி. பெண்ணுக்கு அது தலையீடு. ஆணிடம் நாட்குறிப்பு இருந்தது. பெண் அந்த நாட்குறிப்புக்குள் ஒரு புகாராக இருந்தார்.

*

அடுத்த கட்டம் அச்சு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-இல் அச்சேற்றினார். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் பைபிள் திருத்தப்பட்டுக்கொண்டே வந்தது. ஃபப்ரிசியஸ், பவர் எனப் பதிப்புகள் ஐரோப்பியர்களின் பெயரால் அழைக்கப்படுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்து சொல் எடுத்துக்கொடுத்த தமிழ்ப் பண்டிதர்களின் பெயர்கள் முன்னுரைகளுக்குள்ளே தேட வேண்டியவை. பெண்களின் பெயரை அங்கேயும் தேட முடியாது.

ஆனால் அந்த மொழிபெயர்ப்பு வீடுகளுக்குள் போனது பெண்களின் வாய் வழியாக. மதுரையில் அமெரிக்க மிஷன் 1834-இல் தொடங்கியது. பிற்பாடு அது 'பைபிள் பெண்கள்' என்று அழைக்கப்பட்டவர்களை வேலைக்கு வைத்தது. வெளியாட்கள் நுழைய முடியாத வீடுகளின் உள்முற்றத்துக்குப் போய், எழுத்தறியாத பெண்களுக்கு வாசித்துக் காட்டி, கேட்ட கேள்விகளுக்குத் தங்கள் தமிழில் விளக்கம் சொன்னவர்கள் இவர்கள். இவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஈவா ஸ்விஃப்ட் 1892-இல் மதுரையில் ஒரு பள்ளியையே நிறுவினார். மதமாற்ற அரசியல் பற்றித் தனியே பேசலாம். மொழிபெயர்ப்பின் கோணத்தில் பார்த்தால், குழு அறையில் ஆண்கள் முடித்த வாக்கியம் கேட்பவரின் காதில் ஏறுகிறதா இல்லையா என்று முதலில் தெரிந்துகொண்டவர்கள் அந்தப் பெண்கள்தான். 'இந்தச் சொல் ஏறவில்லை' என்று அவர்கள் எங்கே போய்ச் சொல்லியிருப்பார்கள்?

இருபதாம் நூற்றாண்டில் மொழிபெயர்ப்பு தொழிற்சாலை அளவுக்கு நடந்த இடம் மாஸ்கோ. முன்னேற்றப் பதிப்பகத்தின் தடித்த அட்டைப் புத்தகங்கள் எங்கள் தலைமுறைக்குச் சில ரூபாய்களில் கிடைத்தன. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் என்ற பெயர்களை நாங்கள் டால்ஸ்டாய், கார்க்கி பெயர்களோடு சேர்த்தே மனப்பாடம் செய்தோம். அரசாங்கச் சம்பளம், அச்சகம், விநியோகம் என்று எல்லாம் பின்னால் இருந்த அந்த ஏற்பாடு 1991-இல் சோவியத்தோடு சரிந்தது. பிறகு 2007-இல் 'குற்றமும் தண்டனையும்', 2011-இல் 'அசடன்' என தஸ்தயெவ்ஸ்கியின் பெருநாவல்களை எம்.ஏ. சுசீலா தமிழில் தந்தார். மதுரை பாத்திமா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். எந்த அரசாங்கமும் பின்னால் இல்லாமல் நடந்த வேலை அது. அட்டையைத் திருப்பினால் அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்து நான் அடைந்த தைரியத்துக்கு அளவில்லை.

ஆனால் பெயர் கிடைக்கும் மொழிபெயர்ப்பில் வாடகை கொடுக்கப் பணம் கிடைக்காது. பணம் கிடைக்கும் மொழிபெயர்ப்பில் பெயர் கிடைக்காது. 'அசடன்' வெளிவந்த ஆண்டில் நான் இரண்டாவது பக்கத்தில் இருந்தேன்.

*

அந்த இரண்டாவது பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அளவு சொல். ஆங்கில மூலத்தில் எத்தனை சொல்லோ அத்தனைக்குக் காசு. சில நிறுவனங்கள் தமிழில் வந்த சொற்களை எண்ணிக் காசு கொடுக்கப் பார்க்கும். அது எவ்வளவு பெரிய மோசடி என்று தமிழ் மாணவிகளுக்கு எளிதில் புரியும். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொற்கள் வேண்டும். ஒட்டி ஒட்டி வளரும் மொழியில் எழுதுகிறவள், மொழியின் இயல்பினாலேயே கூலியை இழப்பாள்.

மூலச்சொல்லை எண்ணினாலும் பிடித்தம் உண்டு. முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ட்ராடோஸ் என்ற பெயர் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 1984-இல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம் அது. ஒரு வாக்கியம் பழைய வாக்கியத்தோடு முக்கால்வாசி ஒத்துப்போனால் அதற்குக் கூலி குறைவு. முழுசாக ஒத்துப்போனால் கூலியே இல்லாமலும் போகலாம். ஆனால் அந்த இடத்தில் அந்த வாக்கியம் பொருந்துகிறதா என்று அவள் படித்துத்தானே ஆக வேண்டும்? படிப்பதற்குக் காசு இல்லை. அடித்த சொல்லுக்கு மட்டும்தான்.

இந்தக் கணக்கைப் போட்டு அனுப்புகிறவள் நான். வீட்டிலிருந்து வேலை செய்த மொழிபெயர்ப்பாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். குழந்தை பெற்று வேலையை விட்டவர்கள், கணவரை இழந்தவர்கள், மாமியாரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தவர்கள். அவர்களிடம் சொல்லுக்குப் பத்துப் பைசா குறைத்துக்கொள்ளச் சொல்வது என் வேலை. என் குரல் மென்மையாக இருந்ததால் அந்த வேலைக்கு நான் பொருத்தமானவள் என்று மேலாளர் சொன்னார். பெண்களைப் பெண்ணை வைத்தே குறைக்கச் சொல்வது எவ்வளவு வசதி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் கோபம் முழுவதும் கிளையண்டின் மேல் இருந்தது. என் கையில் இருந்த கத்தரிக்கோலை நான் பார்க்கவே இல்லை.

*

எங்கள் நிறுவனத்தில் தமிழ் வேலையில் பெரும்பகுதி மருத்துவ ஒப்புதல் படிவங்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2005 ஜனவரியில் மருந்து விதிகளின் அட்டவணை ஒய் திருத்தப்பட்டது. புதிய மருந்துகளின் சோதனைகள் இந்தியாவில் நடக்க வழி அகலமானது. சோதனையில் சேரும் ஒவ்வொருவருக்கும் அவருக்குப் புரிகிற மொழியில், கலைச்சொல் சுமையில்லாமல் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத சாட்சி உடனிருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். அதன் பாரம் முழுவதும் ஒரு மொழிபெயர்ப்பின் மேல் இறங்குகிறது. அந்த மொழிபெயர்ப்போ மறுநாள் காலைக்குள் வேண்டும்.

விதி காகிதத்தில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை 2010 காட்டியது. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று பள்ளிச் சிறுமிகளிடம் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72-ஆவது அறிக்கையில், ஆந்திராவின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள் என்று பதிவு செய்தது. 1,948 படிவங்களில் கைரேகைதான் இருந்தது. ஏழைச் சிறுமிகளின் உடல், வேறொருவரின் கையெழுத்து. ஒப்புதல் என்ற சொல்லின் எடை எவ்வளவு என்று அந்த எண்களைப் படித்தபோது தெரிந்தது. எனக்கு அது சற்று முன்பே, 2012 அக்டோபரில், ஒரு இரவில் தெரிய வந்திருந்தது.

பேரையூரில் எங்களுக்காக வேலை செய்த ஓர் அக்கா இருந்தார். விலங்கியல் முதுகலை. கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவரை இந்த வேலைக்குக் கொண்டு வந்ததே நான்தான். அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. படிவத்தை முடித்ததும் அனுப்பமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து தன் அம்மாவுக்கும், பருத்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் அதை உரக்கப் படிப்பார். "இதுல என்ன சொல்லியிருக்கு, சொல்லுங்க" என்று கேட்பார். அவர்கள் சொல்லத் தடுமாறினால் வாக்கியத்தை மாற்றுவார். 'மருந்துப்போலி' என்று எழுதிவிட்டு, "பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், ஆனா உள்ளே மருந்து இருக்காது" என்று ஒரு விளக்கம் சேர்ப்பார். மதுரையின் பைபிள் பெண்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

இதனால் அவர் அடிக்கடி தாமதமாக அனுப்பினார். அதோடு அந்த ஆண்டின் மின்வெட்டு. சென்னைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போனது. மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. "அக்கா, எப்ப அனுப்புவீங்க?" என்று நான் கேட்டால், "கரண்டு எப்ப வரும்னு நீ அங்கேருந்து கேட்டுச் சொல்லு, நான் எப்ப அனுப்புவேன்னு சொல்றேன்" என்பார். எங்கள் கணினியில் மின்வெட்டுக்குக் கட்டம் இல்லை. 'தாமதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்று முறை அது சிவந்ததும் அக்காவுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினேன். நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை. கூப்பிடாமல் விட்டேன், அவ்வளவுதான்.

அந்த அக்டோபர் இரவில் மார்பகப் புற்றுநோய்ச் சோதனை ஒன்றின் பதினான்கு பக்கப் படிவம் நியூயார்க்கின் 'இன்றைக்குள்' போக வேண்டியிருந்தது. வேகமாகச் செய்யும் ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கியும் விட்டார். திரும்ப ஆக்குகிறவர் மூல ஆங்கிலத்தைப் பார்க்கக் கூடாது. அவசரத்தில் அவருக்கு மூலத்தையும் அனுப்பியிருந்தோம். எனவே எல்லாம் அழகாக ஒத்துப்போயிருந்தது. பக்கங்கள் சரியாக உடைந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கத்தான் நான் கோப்பைத் திறந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் கண் நின்றது.

சோதனையிலிருந்து நீங்கள் விலகினால் அது உங்கள் வழக்கமான சிகிச்சையைப் பாதிக்கும்.

'பாதிக்காது' என்று இருக்க வேண்டிய இடம். ஒரு பெண் இதைக் கேட்டால் என்ன நினைப்பாள்? வேண்டாம் என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்க்கமாட்டார்கள் என்று நினைப்பாள். வாந்தியோடும் வலியோடும் தொடர்வாள். அவள் விருப்பம் என்று அது பதிவாகும்.

அனுப்புவதை நிறுத்திவிட்டு, இரண்டு மாதமாகக் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டேன். இரவு பதினொன்று பத்து. "கரண்டு இப்பத்தான் வந்துச்சு. சொல்லும்மா" என்றார் அக்கா. ஏன் இத்தனை நாள் கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. கோப்பைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து போனிலேயே உரக்கப் படிக்க ஆரம்பித்தார். நான் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். நாலாம் பக்கத்தில் நின்றார். "இதென்ன, 'உங்கள் கணவரின் அனுமதியைப் பெற்று முடிவு செய்யலாம்'னு இருக்கு?" ஆங்கிலத்தில் இருந்தது, குடும்பத்தினரோடு கலந்து பேசி முடிவு செய்யலாம் என்பது. யாரும் வேண்டுமென்றே மாற்றவில்லை. 'பெண்', 'முடிவு' என்ற இரண்டும் பக்கத்தில் வந்ததும் பழக்கப்பட்ட கை 'கணவரின் அனுமதி' என்று தானாக எழுதிவிட்டது. அக்கா சிரித்தார். "எனக்கு யாரு கிட்ட அனுமதி வாங்குறது? எம் மாதிரி ஆளு இதுல கையெழுத்தே போட முடியாது போல."

ஒன்று இருபதுக்கு முடித்தோம். பக்க வடிவமைப்பாளரை எழுப்பித் திருத்தங்களைப் போட்டு அனுப்பியபோது கெடு தாண்டி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. கிளையண்ட் பில்லில் கழித்துக்கொண்டார். அந்த ஆண்டு மதிப்பீட்டில் என் பெயருக்கு எதிரே ஒரு சிவப்பு விழுந்தது. பிழை தடுக்கப்பட்டதற்கு எந்தக் கட்டமும் இல்லை. நடக்காமல் போன கெடுதலை எண்ண முடியாது. சோறு குழையாமல், பால் பொங்காமல் பார்த்துக்கொண்ட வேலையை எந்த வீடும் எண்ணியதில்லை. அலுவலகத்திலும் அப்படியே.

அக்காவுக்குப் பணம் கேட்டேன். கணக்குப் பிரிவில், "எத்தனை வார்த்தை?" என்று கேட்டார்கள். போனில் படித்ததற்கு வார்த்தைக் கணக்கு ஏது? என் சம்பளத்திலிருந்து எடுத்து அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். "உங் காசு எனக்கெதுக்கு? கம்பெனி குடுத்தா வாங்கிக்கிறேன். நீ குடுத்தா அது தருமம்."

*

2013-இல் அந்த வேலையை விட்டேன். அந்த ஆண்டு நவம்பரில், சோதனையில் சேருபவருக்கு விளக்கி ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்தது. 2015-இல் மொழிபெயர்ப்புப் பணிக்கென ஐஎஸ்ஓ 17100 என்ற உலகத் தரநிலை வந்தது. மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று அது கட்டாயமாக்குகிறது. ப்ராஜெக்ட் மேனேஜருக்கு என்ன தகுதி வேண்டும் என்றும் சொல்கிறது. நடுவில் நிற்கும் இடத்துக்குக் காகிதத்திலாவது ஒரு பெயர் வந்தது.

2017-இல் கூகுளின் நரம்பியல்வலை மொழிபெயர்ப்பு தமிழுக்கும் வந்தது. 2022-இல் ஒன்றிய அரசு பாஷினியைத் தொடங்கியது. இப்போது இயந்திரம் முதலில் எழுதுகிறது. பெண்கள் அதைத் திருத்துகிறார்கள். அடித்த சொல் குறைந்துவிட்டதால் கூலியும் குறைந்துவிட்டது. படிப்பதும் சந்தேகப்படுவதும் பொறுப்பேற்பதும்தான் மிச்சம். அதற்கு அன்றும் காசு இல்லை. இயந்திரம் வந்து நம் வேலையைப் பறித்துவிட்டது என்கிறார்கள். எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. காசு கொடுத்த பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. காசு கொடுக்காத பகுதியை நம்மிடமே விட்டிருக்கிறது. அந்தப் பகுதிக்கு ஒரு பெயரும் ஒரு விலையும் கேட்க வேண்டிய நேரம் இது. மணிக்கணக்கில் கூலி, படிப்பதற்குத் தனிக் கூலி, ஆவணத்தின் மூலையில் மொழிபெயர்த்தவர், சரிபார்த்தவர் பெயர். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. துபாஷிகள் இதைவிட அதிகம் வாங்கினார்கள்.

என் வகுப்பில் தமிழ் முடித்துவிட்டு இந்த வேலைக்குப் போகும் மாணவிகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாடகை எல்லோருக்கும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையைப் பாடம் நடத்தும் அன்று ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி போடுங்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எதைப் பார்த்து நிறுத்தினீர்கள், எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் வேறொருவரின் நாட்குறிப்பில் 'தாமதம்' என்று மட்டும் இருப்பீர்கள்.

இந்த யோசனை என்னுடையது அல்ல. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா தன் நோட்டுகளைக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டுகள், பதினோரு எண்ணம். ஒவ்வொரு நாளும் கரண்டு போன நேரம், வந்த நேரம், பக்கம், கூலி. 2012 அக்டோபர் நோட்டைப் புரட்டி எடுத்து என் மடியில் வைத்தார். நீல மையில் இரண்டே வரி:

'இரவு 11.10 – 1.20. போனில் படித்தது. கூலி இல்லை. பாதிக்கும் என்பதைப் பாதிக்காது என்று ஆக்கியது.'